மஞ்சள் கார் வெளியேறவும்

"காரைக் காணோம். அப்பாவையும் காணோம்."

போனை எடுத்ததும் அண்ணன் சொன்னது இதுதான். எதற்கு முதலில் பதறுவது என்று சின்னவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அண்ணன் சொன்ன வரிசையைப் பார்த்தால் காருக்குத்தான் போலிருந்தது.

"மெதுவா பேசுண்ணா. டூட்டியில இருக்கேன்."

"காரை விலை பேச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். ஷெட்டைத் திறந்து காட்டினா உள்ளே ஒரு வாளிதான் இருக்கு. அந்த ஆள் என்னையும் பார்க்கறார், வாளியையும் பார்க்கறார்."

"சாவி உன்கிட்டதானே இருந்தது?"

"என் பீரோவுல, சட்டைக்கு அடியில! அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சது? எனக்கு ஒண்ணுமே புரியல."

"அண்ணியைக் கேட்டியா?"

"அவ அவங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கா. வாரா வாரம் போறதுதானே. போன் எடுக்க மாட்டேங்கறா."

சின்னவள் போனை மடியில் கவிழ்த்துவிட்டுத் திரைகளை நிமிர்ந்து பார்த்தாள். சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொன்றிலும் வட்டச்சாலையின் ஒரு துண்டு. இந்தச் சாலை திறந்த பிறகு லாரிகளும் வெளியூர் பஸ்களும் நகரத்துக்குள் கால் வைப்பதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு தங்கள் வழியே போய்விடுகின்றன. அவை ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பது இவள் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

சாவி பீரோவுக்குள் போன கதையைத்தான் வீடே மென்றுகொண்டிருந்தது. அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளச்சை மிதிக்கக் கற்றுக்கொடுத்த கால் அவருடையது. அப்படிப்பட்டவர் நான்கு மாதத்துக்கு முன்னால் பட்டப்பகலில், சொந்த வீட்டு கேட்டின் தூணில் காரை மோதினார். ஜன்னலிலிருந்து பார்த்தது அண்ணி. அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். புருஷன் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "வீட்டுக்குள்ளேயே உளவாளி" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பு வேண்டுமென்றால்கூடக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் கேட்பார்.

நகரத்துக்குள் இறங்கும் வழியைக் காட்டும் திரையில் ஒரு மஞ்சள் கார் வந்தது.

சின்னவள் முன்னால் சாய்ந்தாள். கூரையின் நடுவில், பயிற்சிப் பள்ளிப் பலகையைக் கழற்றிய இடம் மட்டும் பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தது. முன் பக்கத்தில் தூண் கொடுத்த நசுங்கல். வேறு கார் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். வீட்டுக்குத்தான் போகிறார்.

கார் இறங்கவில்லை. நேராகப் போயிற்று.

சரி, அடுத்த வழியில் இறங்குவார். அடுத்ததிலும் இறங்கவில்லை. அவள் ஒவ்வொரு திரையாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மார்க்கெட் வழி, ஆஸ்பத்திரி வழி, டிப்போ வழி என்று எல்லாவற்றையும் கடந்து, ஊரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அந்தக் கார் மறுபடி அவளுடைய முதல் திரைக்கே வந்து சேர்ந்தது. ஓரத்து வரிசையிலேயே, வேகம் கூடாமல் குறையாமல், செக்குமாடு மாதிரி.

மறுபடியும் இறங்கவில்லை.

அப்பாவுக்கு வழி மறந்துவிட்டதா? எல்லா இறக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று இந்தச் சாலையைப் பற்றி ஊரே குறைப்பட்டுக்கொள்ளும். வீட்டுக்குப் போவது எப்படி என்று தெரியாமல்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாரா? கேமரா மேலேயிருந்து பார்த்தது. முன் கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. முகம் தெரியவில்லை.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்க மாட்டார் என்று அவளுக்கே தெரியும். ஓடுகிற வண்டிக்குள் போன் எடுத்த மாணவர்களை நடுவழியில் இறக்கி நடக்க விட்டவர் அவர்.

அண்ணனை அழைத்தாள். "ரிங் ரோட்டுல இருக்கார். சுத்திட்டே இருக்கார்ண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

"சுத்தறாரா? எதுக்கு?"

"தெரியல."

"நான் வர்றேன். அவரை முந்தி நிறுத்தறேன்."

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் சாம்பல் நிறக் காரும் திரையில் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்குத் தெம்பு வந்தது. அடுத்த திரையைப் பார்த்ததும் அந்தத் தெம்பு போயிற்று.

"அண்ணா, நீ எதிர்ப்பக்கம் போயிட்டிருக்கே!"

"எது எதிர்ப்பக்கம்? ரோடு போற பக்கம்தானே போறேன்?"

"அப்பா உள்வட்டத்துல வர்றார். நீ வெளிவட்டத்துல ஏறிட்டே. நடுவுல தடுப்புச் சுவர் இருக்கு."

"அப்ப எப்படித் திரும்பறது?"

"இறங்கி, பாலத்துக்கு அடியில வளைஞ்சு, மறுபடி ஏறணும்."

"எந்தப் பாலம்? இங்க பார்த்தா எல்லாமே பாலமாத்தான் இருக்கு!"

அவன் இறங்கினான். தவறான இறக்கத்தில் இறங்கி, ஒரு கிடங்குத் தெருவுக்குள் மாட்டிக்கொண்டு, அங்கே சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஆட்களிடம் வழி கேட்டான். ஆளுக்கொரு திசையைக் காட்டினார்களாம்.

இதற்குள் மஞ்சள் கார் மூன்றாவது சுற்றைத் தொடங்கியிருந்தது.

சின்னவள் பக்கத்து மேசையைப் பார்த்தாள். அங்கே உட்கார வேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் முன்னால் இருந்ததுதான் சாலை மேலே தொங்கும் மின்பலகைகளை இயக்கும் கணினி. விபத்து, மழை, வேகக் கட்டுப்பாடு என்று மேலிடம் அனுமதித்த வாசகங்களை மட்டுமே அதில் போடலாம். அவளுக்குத் தொடவே அனுமதியில்லை.

அவள் எழுந்து போய் உட்கார்ந்தாள். 'அப்பா' என்று அடித்தாள். அழித்தாள். எல்லா அப்பாக்களும் திரும்பிப் பார்ப்பார்களே. கடைசியில் இப்படி அடித்தாள்: மஞ்சள் கார் மார்க்கெட் வழியில் வெளியேறவும்.

வீட்டளவு அகலமான பலகைகளில் அந்த வரி ஒரே நேரத்தில் பளிச்சிட்டது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு டாக்ஸி சைகை விளக்கைப் போட்டு மார்க்கெட் வழியில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரிலுள்ள டாக்ஸிகள் எல்லாமே மஞ்சள்தான்.

விமானத்துக்குப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மஞ்சள் டாக்ஸிகள் மார்க்கெட் தெருவுக்குள் நுழைந்து ஒன்றின் பின் ஒன்றாக அடைத்துக்கொண்டன. எதற்காக இறங்கினோம் என்று டிரைவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் கார் மட்டும் பலகைக்கு அடியில் நிதானமாக நுழைந்து, மார்க்கெட் வழியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"யார் செஞ்ச வேலை இது?"

மேற்பார்வையாளர் வாசலில் நின்றார். கையில் பாதி கடித்த பிஸ்கட். சின்னவள் மேசையிலிருந்து எழுந்த வேகத்திலேயே பதில் இருந்தது.

"ஏம்மா, மஞ்சள் நிறத்து மேல உனக்கு அப்படி என்ன கோபம்?"

"சார், எங்கப்பா சார். வழி மறந்துட்டார்னு நினைக்கறேன். சுத்திட்டே இருக்கார் சார்."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் கார் வேகத்தைக் குறைத்து, டிப்போ வழிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் அவசர ஒதுக்கிடத்தில் அழகாக நின்றது. அபாய விளக்குகள் மினுக்கின.

ஓட்டும் பக்கத்துக் கதவு திறந்தது. இறங்கியது அப்பா இல்லை. ஒரு பெண். கேமராவைப் பெரிதாக்கினாள்.

அண்ணி.

அடுத்த கதவு வழியாக அப்பா இறங்கினார். பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் வைத்த பழைய பயிற்சிக் கார் அது. அவர் ஏதோ கையை ஆட்டிச் சொன்னார். அண்ணி தலையை ஆட்டினாள். பிறகு அண்ணி சிரித்தாள். அந்த வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததாகச் சின்னவளுக்கு நினைவே இல்லை.

"இது யாரு?" என்றார் மேற்பார்வையாளர்.

"அண்ணி சார். ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே."

"பேசாதவங்கதான் சேர்ந்து ஊர் சுத்தறாங்களா?" அவர் நெற்றியைத் தடவினார். "ரோந்து வண்டியில ஏறி நீயே போ. முதல்ல அந்தக் காரை ரோட்டை விட்டு அனுப்பு. பலகை விவகாரத்தை நீ வந்ததும் பேசலாம்."

ரோந்து வண்டி ஒதுக்கிடத்தில் நின்றபோது அண்ணி முன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றது. அப்பா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்ப்பது போல நின்றார்.

"அண்ணி, என்ன இது?"

"கார் ஓட்டறேன்."

"அது தெரியுது! லைசென்ஸ்?"

"போன மாசமே வாங்கிட்டேன். உங்கப்பாதான் சொல்லிக்கொடுத்தார்."

"அவர் உங்ககூடப் பேசவே மாட்டாரே?"

"இப்பவும் பேசறதில்லை." அண்ணி குரலைத் தணித்தாள். "கிளச், கியர், பிரேக். இந்த மூணு வார்த்தைதான். ரொம்பத் தப்புப் பண்ணினா 'சிவ சிவா'ம்பார். அதுவும் என்கிட்ட இல்லை, கடவுள்கிட்ட."

"எப்படி ஆரம்பிச்சுது?"

"சாவியையும் பயிற்சி லைசென்ஸையும் கொண்டுபோய் அவர் மேசையில வச்சேன். ஒண்ணும் சொல்லலை. அவர் ரெண்டையும் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டார்."

சட்டைக்கு அடியில் இருந்த சாவி எப்படிப் போயிற்று என்று அண்ணனுக்குப் புரியவே இல்லை. அந்தச் சட்டைகளை யார் மடித்து வைக்கிறார்கள் என்று அவன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

"இதுவரைக்கும் உள்தெருக்கள்லதான் ஓட்டினோம். இன்னிக்குத்தான் இங்க. இந்த ரோட்டுல சுத்திச்சுத்தி ஒரு பஸ் விடப் போறாங்களே, அதுக்குப் பெண் ஓட்டுநர்கள் எடுக்கறாங்க. கார் லைசென்ஸ் போதும், பஸ் ஓட்ட அவங்களே பழக்குவாங்களாம். நாளைக்கு டிப்போவுல ஓட்டிக் காட்டணும். மனசு பழகட்டும்னுதான் இறங்காம சுத்தினோம்."

சின்னவளுக்குக் கோபம் வர வேண்டும் போலிருந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அப்பாவிடம் போனாள்.

"அவ்ளோ பெரிய போர்டுல போட்டேனேப்பா. பார்க்கலையா?"

"எந்த போர்டு?"

"அதோ." ஒதுக்கிடத்துக்கு நேரே, கைக்கு எட்டுகிற மாதிரி, அடுத்த பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் உயர எழுத்துகள். அவள் போட்ட வாசகத்தை எடுத்துவிட்டு, மார்க்கெட் வழியில் நெரிசல் என்று மாற்றியிருந்தார்கள்.

அப்பா அந்தத் திசையில் முகத்தைத் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"ம். மெதுவாப் போகச் சொல்லிப் போட்டிருக்கான். அதைத்தானே எப்பவும் போடறான்."

கேட்டின் தூண் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கவனக்குறைவு என்று அண்ணன் கத்தியதும், அப்பா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் நின்றதும் நினைவுக்கு வந்தன. வழி மறந்துவிட்டது என்று இவ்வளவு நேரம் பயந்தாளே, அவருக்கு வழியெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பார்க்கத்தான் முடியவில்லை.

அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா, அண்ணி?"

"தூண்ல இடிச்ச அன்னிக்கே தெரியும். இடிச்சப்புறம் இறங்கி வந்து கையால தடவித்தானே பார்த்தார். நான் உங்கண்ணன்கிட்ட டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். அவர் சாவியை வாங்கினதோட கடமை முடிஞ்சதுன்னு விட்டுட்டார்."

"அப்பாவுக்கு...?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார். போர்டு எல்லாத்தையும் நானே சத்தமா படிச்சிட்டு வருவேன், ஓட்டிப் பழகற மாதிரி. 'மார்க்கெட் வழி வருது', 'லாரி முந்துது'ன்னு. இன்னிக்கு மஞ்சள் கார்னு வந்ததை மட்டும் டாக்ஸிக்குன்னு நினைச்சுப் படிக்காம விட்டுட்டேன். அவர் அதைக் கேட்டுட்டு 'கியர்'ம்பார். இப்படியே ஓடுது." அண்ணி துணியை மடித்தாள். "நாளைக்கு என் சோதனை முடிஞ்சதும் நேரா கண் டாக்டர்கிட்ட. முன்பதிவு பண்ணிட்டேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

"வேலை கிடைச்சா அண்ணன்கிட்ட என்ன சொல்வீங்க?"

அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "வேலை கிடைச்சா டிப்போவுக்குள்ளேயே வீடும் தர்றாங்களாம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு."

"ஒரு அறையா? அதுல யார் இருக்கப் போறீங்க?"

அண்ணி சாலையைப் பார்த்தாள். ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

சின்னவளின் போன் அடித்தது. அண்ணன்.

"நான் திரும்பி வீட்டுக்கே வந்துட்டேன். அந்த ரோடு எனக்கு ஒத்துவராது." அவன் குரல் காலையில் கத்திய குரல் இல்லை. "இங்க அத்தை வந்து உட்கார்ந்திருக்காங்க."

"எந்த அத்தை?"

"உங்கண்ணியோட அம்மா. பொண்ணைப் பார்த்து ரெண்டு மாசமாச்சாம், அதான் தேடி வந்தாங்களாம். அப்ப அவ வாரா வாரம் எங்கதான் போறா? எனக்கு... எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம். வாயைத் திறக்காதே என்று இப்போதுதான் கேட்டுக்கொண்டாள். ஆனால் தெரியாது என்றால் அண்ணன் இன்றைக்கு வேறு எதையெதையோ நினைப்பான். ஒரு மனுஷன் நினைக்கக்கூடாததையெல்லாம் நினைப்பான்.

"அண்ணி என் பக்கத்துலதான் இருக்காங்க," என்றாள். "அப்பாவும் இருக்கார். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மீதியை அவங்களே சொல்வாங்க."

போனை நீட்டினாள். அண்ணி அதை ஒரு சூடான பாத்திரம் மாதிரி வாங்கினாள்.

"நான்தான். ஆமா, கார் என்கிட்டதான். நான்தான் ஓட்டறேன்." எதிர்முனையில் அண்ணன் எதுவோ கேட்டான். அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். "அம்மாவுக்குக் காபி கொடுங்க. மத்தது போன்ல வேண்டாம்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். அப்பா கதவைத் தடவிக் கண்டுபிடித்து ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் உறுமியது. அப்பா தலையைச் சாய்த்துப் பின்பக்கச் சத்தத்தைக் கேட்டார்.

"கனமான வண்டி ஒண்ணு வருது," என்றார். "அது போகட்டும். அப்புறமா எடும்மா."

அண்ணியின் கை கியர் மேலேயே நின்றது. பெரிய லாரி கடந்து போயிற்று. அதற்குப் பிறகும் கார் உடனே நகரவில்லை. அண்ணி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைச் சின்னவள் பார்த்தாள். பிறகுதான் கார் கிளம்பியது.

"கிளாஸா எடுக்கறாங்களே," என்றார் ரோந்து வண்டிக்காரர். "யாருங்க?"

"அண்ணி."

மறுபடி போன். மேற்பார்வையாளர். "பெரிய ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டாங்கம்மா. நீ வந்தா நேரா என் அறைக்கு வா. உன் நாற்காலியில வேற ஆளை உட்கார வச்சாச்சு. திரைப் பக்கம் போகாதே."

"சரி சார்."

தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று டிப்போவுக்கும் அந்த ஒற்றை அறை வீட்டுக்கும் இறங்கும். இன்னொன்று வளைந்து, ஊருக்குள், வீட்டுக்குப் போகும். மஞ்சள் கார் அந்தப் பிரிவுக்கு முன்னால் போய் வேகத்தைக் குறைத்தது. எந்தப் பக்கத்துச் சைகை விளக்கும் எரியவில்லை. பின்னால் வந்த ஒரு பஸ் குறுக்கே மறைத்தது. பஸ் விலகியபோது கார் இல்லை.

"எந்தப் பக்கம் போனாங்க?" என்றார் ரோந்து வண்டிக்காரர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

சின்னவள் இரண்டு வழிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியலீங்க," என்றாள்.